அறுபத்தொரு பேரான பைரம்மா

ஷராவதி அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம், லாஞ்ச் படகில் ஏறிப் போக வேண்டிய ஊர் எங்கள் கல்லுமனெ. மொத்தம் அறுபத்தொரு வீடுகள். வீட்டுக்கு ஒருவராவது போனும் கம்ப்யூட்டரும் பழகியே ஆக வேண்டும் என்று தேசம் முடிவெடுத்த வருடம், சித்ரதுர்காவிலிருந்து திப்பேசுவாமி மேஷ்ட்ரு என்ற வாத்தியார் ஆறு டேப்லெட்டுகளோடு வந்து இறங்கினார். அதற்குமுன் அவ்வளவு தண்ணீரைப் பார்த்திராத மனிதர். இறங்கியதும் அரைமணி நேரம் கரையிலேயே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

முதல் நாளே சிக்கல் வந்தது. படிவத்தில் போன் நம்பர் கட்டாயம். எங்களிடம் போன் இல்லாமல் இல்லை. பாட்டு கேட்போம், படம் எடுப்போம். ஆனால் ஊரில் சிக்னல் கிடையாது. வராத சிக்னலுக்கு யார் ரீசார்ஜ் செய்வார்கள்? எல்லோருடைய நம்பரும் செத்துப் போயிருந்தது. பைரம்மாவின் நம்பர் மட்டும்தான் உயிரோடு இருந்தது. அவளுடைய மாட்டுக்கொட்டகைப் பரணில், வைக்கோலுக்கு நடுவே ஓர் இடத்தில், அக்கரையிலிருந்து இரண்டு கோடு சிக்னல் எட்டிப்பார்க்கும். லாஞ்ச் வருமா வராதா என்று ஏறிக் கேட்டுச் சொல்வது அவள்தான்.

"எல்லாரும் என் நம்பரையே எழுதுங்க மாராயா. தேஞ்சா போகப்போகுது?" என்றாள்.

அறுபத்தொரு படிவத்திலும் ஒரே நம்பர் ஏறியது. அவள் வீட்டிலிருந்து படிக்க வந்தது அவள் புருஷன் கெரியப்பா.

"நானும் உக்காரட்டுமா மேஷ்ட்ரே?" என்று கேட்டாள்.

"வீட்டுக்கு ஒருத்தர்தான்க்கா. ரெண்டு பேர் போட்டா கம்ப்யூட்டர் ஒத்துக்காது."

பத்து நாள் வகுப்பு நடந்தது. ஓ.டி.பி. வந்தால் உயிரே போனாலும் அந்த எண்ணை யாரிடமும் சொல்லக்கூடாது என்பதுதான் மேஷ்ட்ரு நடத்திய முதல் பாடம். எல்லோரும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டுக்கொண்டோம்.

பரீட்சையை நெட் இருக்கும் இடத்தில்தான் எழுத முடியும் என்பதால் மாட்டுக்கொட்டகையே தேர்வறை ஆனது. பைரம்மா போனோடு பரணில் உட்கார்ந்துகொண்டாள். அவள் போனிலிருந்து கீழே இருக்கும் டேப்லெட்டுக்கு நெட் வரும்படி மேஷ்ட்ரு செய்திருந்தார். ஒவ்வொருவர் முறை வரும்போதும் தன் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை மேலிருந்து அவள் கத்துவாள்.

"சேஷகிரி பட்டருக்கு ஏழு, ஏழு, நாலு, சைபர், ரெண்டு, ஒம்போது!"

வெளியே வரிசையில் நின்றவர்கள், படித்த பாடத்துக்கு மரியாதையாகக் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

டேப்லெட் வேறு வகையில் தொல்லை கொடுத்தது. பரீட்சை எழுதுபவர் முகத்தைக் கேமரா பார்த்துக்கொண்டே இருக்கும். ஒரே ஒரு முகம்தான் தெரிய வேண்டும். பட்டர் மூன்றாவது கேள்விக்குப் போனபோது, 'தேர்வறையில் இன்னொரு நபர் இருக்கிறார்' என்று சிவப்பில் வந்தது. பின்னால் எருமை அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதை வெளியே ஓட்டிக் கட்டினோம். கெரியப்பா முறை வந்தபோது, 'முகம் எதுவும் தெரியவில்லை' என்றது. அவர் பாக்குப் பாளைத் தொப்பியைக் கழற்றினார், முகம் கழுவினார், மீசையை ஒதுக்கினார். முகம் எதுவும் தெரியவில்லை.

"முப்பது வருஷமா நானும் தேடிட்டுத்தான் இருக்கேன் மேஷ்ட்ரே! அது அவ்ளோ சீக்கிரம் கெடைக்காது!" என்றாள் பைரம்மா மேலிருந்து.

கடைசியில் யாரோ சொல்லி, எருமையை உள்ளே கொண்டுவந்து கெரியப்பாவுக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். 'ஒரு முகம் தெரிகிறது, தேர்வைத் தொடங்கலாம்' என்றது டேப்லெட். யாருடைய முகம் என்று யாரும் விசாரிக்கவில்லை.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. மேஷ்ட்ரு படித்துக் காட்டினார். "கல்லுமனெ. டிஜிட்டல் அறிவு பெற்றவர்கள், ஒருவர். பைரம்மா. பரீட்சை எழுதியது அறுபத்தொரு முறை. பாஸ் ஐம்பத்தெட்டு."

ஒரு நம்பர் என்றால் ஒரு ஆள் என்று எங்கோ இருக்கும் மிஷின் முடிவுகட்டியிருந்தது. அந்த நம்பர் பைரம்மாவின் பெயரில் இருந்தது. தவறிய மூன்று முறையில் ஒன்று நான்.

பட்டர் நேராக அவள் வாசலுக்குப் போய் நின்றார். "என் இருபத்திரண்டு மார்க்கைக் குடுத்துடு பைரம்மா. ராவும் பகலும் படிச்சது நான்."

"நானா வேணாங்கறேன்? எங்க வச்சிருக்கேன்னு சொல்லுங்க பட்டரே, எடுத்துத் தரேன்." என்னைப் பார்த்ததும், "வா ஈரண்ணா, உன் ஃபெயிலையும் நான்தான் சுமக்கறேன். அதையும் கேக்க வந்தியா?" என்றாள். சிரித்தாளே தவிர, அவள் முகம் வாடியிருந்தது. படிக்கவே விடாத படிப்புக்காக ஊரே அவளிடம் பேச்சைக் குறைத்துக்கொண்டிருந்தது.

மேஷ்ட்ரு புகார் அனுப்பினார். புகாரை உறுதிசெய்ய ஓ.டி.பி. பைரம்மாவின் போனுக்கு வந்தது. அவள் வாசித்தாள், அவர் அடித்தார். 'தேர்ச்சி பெற்றது தாங்களே என்பதை உறுதிசெய்தமைக்கு நன்றி. புகார் தீர்க்கப்பட்டது' என்று பதில் வந்தது.

அடுத்து சிவமொக்காவிலிருந்து அழைப்பு வந்தது. நாட்டிலேயே ஒரே பரீட்சையை அதிக முறை எழுதிய குடிமகளுக்குப் பாராட்டு விழா. துணைக்கு நானும் மேஷ்ட்ரும் போனோம். பெரிய அதிகாரி சால்வை போர்த்தி, மைசூர் பேட்டா தலைப்பாகை வைத்து, பழக்கூடையைக் கையில் கொடுத்தார். மைக்கை நீட்டியதும் பைரம்மா உள்ளதைச் சொன்னாள்.

"சார், நான் ஒரு பரீட்சையும் எழுதல. பரண்ல உக்காந்து நம்பர் கத்தினேன். அவ்ளோதான்."

அரங்கமே கைதட்டியது. என்ன அடக்கம் என்று பக்கத்தில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அக்கா, நீங்க மறைச்சாலும் மிஷின் பொய் சொல்லாது" என்றார் அதிகாரி.

பைரம்மா மைக்கை இன்னும் கிட்டே இழுத்தாள். "எங்க ஊருக்கு டவர் கேட்டு நாலு தடவை மனு குடுத்தோம் சார். போன் பழகினவங்க அம்பது பேர் இருந்தாத்தான் டவர்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"ஆமாம்க்கா. அது விதி."

"மிஷின்ல நான் அம்பத்தெட்டு பாஸ். ஒரு பாஸுக்கு ஒரு ஆள்னு வச்சா அம்பதுக்கு மேலேயே ஆச்சு. மிஷின் பொய் சொல்லாதுன்னு நீங்கதான் சொன்னீங்க."

அதிகாரி மேஷ்ட்ருவைப் பார்த்தார். மேஷ்ட்ரு பழக்கூடையைப் பார்த்தார். ஆயிரம் பேர் முன்னால், மைக்கில், மிஷின் பொய்தான் சொன்னது என்று எப்படிச் சொல்வது? மனு அங்கேயே எழுதப்பட்டது. ஐம்பத்தெட்டு சான்றிதழ்களை இணைத்து அதிகாரி கையெழுத்தும் போட்டார்.

நான்கு மாதத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் மேட்டில் டவர் எழுந்தது. எல்லோரும் சொந்த நம்பர் வாங்கினோம். வாங்கிய மறுநாளே, அறுபத்தொரு புது நம்பர்களும் எதுவும் தெரியாதவர்கள் என்று மிஷின் கண்டுபிடித்து, மேஷ்ட்ருவை எங்களிடம் மறுபடி அனுப்பியது. பட்டர் ஊரையே பைரம்மா வீட்டுக்கு அழைத்துப்போய் ஒரு தார் வாழைப்பழத்தை வைத்துவிட்டுத் திரும்பினார்.

இந்த முறை கெரியப்பாவுக்குப் பதிலாக, முதல் ஆளாக முன்வரிசையில் பைரம்மா உட்கார்ந்திருந்தாள். மேஷ்ட்ரு பெயரை அடித்ததும், 'இவர் தேவைக்கு மேல் படித்தவர், சேர்க்க இயலாது' என்று வந்தது.

"முன்னாடி வீட்டுக்கு ஒருத்தர்னீங்க. இப்ப அதிகமா படிச்சவன்னு சொல்றீங்க. நான் எப்பத்தான் படிக்கறது?" என்றாள்.

மேஷ்ட்ரு தன் சொந்த டேப்லெட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டை மூடிப் பையில் வைத்தார். பத்து நாளும் எந்தப் பட்டியலிலும் இல்லாமல் அவள் படித்தாள். எங்களில் யாரையும்விட வேகமாகப் பிடித்துக்கொண்டாள்.

பதினோராம் நாள் காலை, பாக்குத் தோட்டத்தின் நடுவில் நின்று, பெங்களூரில் நர்ஸாக இருக்கும் மகளை வீடியோவில் தானே அழைத்தாள். அம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது, யாரோ அம்மாவின் நம்பரைத் திருடி ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்து மகள் இரண்டு முறை அழைப்பை வெட்டிவிட்டாள். மூன்றாவது முறைதான் எடுத்தாள்.