கமலா கையில் கொடுத்த சாவிக்கொத்து

எனக்குக் கோபம் கொஞ்சம் ஜாஸ்தி. மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு போட்டவன் எவன் சாந்தமாக இருக்கிறான் என்று கேட்டுத் தப்பித்துக்கொள்வேன். ஆனால் என் மனைவி கமலாவுக்காக வந்த கோபம் நியாயமானது. அவளுக்கு மூன்று வருடமாக வலிப்பு. "எல்லாம் நடிப்பு" என்று என் அக்கா குஞ்சம்மாள் சொன்ன அன்றோடு அக்காவிடம் பேச்சை நிறுத்திவிட்டேன்.

வலிப்பு வந்தால் எங்கள் ஊரில் கையில் இரும்பு கொடுப்பார்கள். நானும் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, அவள் கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொள்வேன். ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். மாத்திரையை மூன்று முறை கூட்டியும் வலிப்பு மட்டும் குறையவில்லை. சோறு வடிக்கும்போதே தூங்கி விழுந்தாள்.

மாத்திரைக்கு அடங்காத வலிப்பைப் பற்றிக் கள்ளக்குறிச்சியில் ஆராய்ச்சி நடக்கிறது என்று கேள்விப்பட்டுப் போனோம். டாக்டர் ஷர்புன்னிசா கமலாவின் தலையில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். கோளாறு எதுவும் தெரியவில்லை. கமலாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு, வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு கேமரா கொடுத்தார்.

"வலிப்புதான்னு எழுதிக் குடுங்க டாக்டரம்மா. எங்க அக்கா மூஞ்சில வுட்டெறியணும்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பதினோராம் நாள் வலிப்பு வந்தது. கேமராவைக் கொண்டுபோய்க் கொடுத்தோம். அடுத்த வாரம் கூப்பிட்டார்கள்.

"கமலா பாத்துட்டாங்க. நீங்களும் பாக்கணும்னு அவங்கதான் சொன்னாங்க" என்று டாக்டர் படத்தை ஓடவிட்டார்.

முதலில் என் குரல்தான் கேட்டது. கரும்பு வெட்ட ஆள் வரவில்லை என்று கத்திக்கொண்டே வருகிறேன். மாட்டுக்குத் தண்ணீர் வைக்கவில்லை என்று அடுத்தது. கமலா சுவரோரம் ஒண்டுகிறாள். விழுகிறாள். கைகால் உதறுகிறது. கண்கள் இறுக மூடியிருக்கின்றன.

"மூளையில வர வலிப்புன்னா கண்ணு பெரும்பாலும் தொறந்தே இருக்கும். எல்லாத்தையும் சேத்துப் பாத்துதான் சொல்றேன், ராஜாங்கம். இது அது இல்ல."

"அப்போ நடிப்பா?" என் குரல் உயர்ந்தது. பக்கத்தில் கமலாவின் விரல்கள் முந்தானையைச் சுருட்டின.

"நடிப்பு இல்லீங்க. அவங்க இஷ்டத்துக்கு வரதும் இல்ல, நிக்கிறதும் இல்ல. மனசு தாங்காதத ஒடம்பு காட்டுது. காரணம் ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன். பேசிப் பேசி சரி பண்ணலாம். மாத்திரைய நானே கொஞ்சங்கொஞ்சமா கொறைக்கறேன்."

"சாவி குடுத்தா நிக்குதே?"

அவர் மிச்சத்தையும் ஓட்டினார். சாவிக்கொத்தோடு ஓடி வருகிறேன். உட்காரும் அவசரத்தில் அது நழுவி பீரோவுக்கடியில் போய்விடுகிறது. நான் கவனிக்கவே இல்லை. மறுநாள் சாவியைக் காணோம் என்று அவளைத்தான் திட்டினேன். படத்தில் அவள் வெறும் கையைப் பிடித்திருக்கிறேன். நான் வாயைத் திறக்கவில்லை. கமலாவின் கால்கள் மெல்ல ஓய்கின்றன.

எனக்கு அவமானமாக இருந்தது. மூன்று வருடமும் இரும்புதான் நிறுத்துகிறது என்று நம்பியிருக்கிறேன்.

பஸ் ஸ்டாண்டில் கமலா கேட்டாள். "ஒங்க அக்காகிட்ட இன்னா சொல்லப் போறீங்க?"

"நீ நடிக்கலன்னு."

"அப்போ எதனால வருதுன்னு கேட்டா?"

"என்னாலயுந்தான்னு சொல்றேன்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. கமலா என் முகத்தைப் பார்த்தாள்.

"காதுல வுழல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க."