இரண்டாவது வயலின்

நான்தான் அப்படிச் சொல்லிக்கொடுத்தேன். பழியை வேறு யார் தலையிலும் கட்ட முடியாது.

நெப்ராஸ்காவில் எங்கள் மாட்டுப் பண்ணைக்கும் அடுத்த வீட்டுக்கும் பதினோரு மைல். என் மகள் ஹெட்டியை ஆறு வயதிலிருந்து நானே வீட்டில் படிக்க வைக்கிறேன். ஒரு பருவத்துக்கு ஓர் ஓவியர், ஓர் இசையமைப்பாளர். படத்தின் அச்சு ஆறு வாரம் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கும். பிறகு டென்வருக்குக் காரோட்டிப் போய் அசலைப் பார்த்துவிட்டு வருவோம். பெண்ணை டப்பாவில் அடைத்து வளர்க்கிறேன் என்று என் நாத்தனார் டோரத்தியா ஒவ்வொரு நன்றியறிதல் விருந்திலும் குத்திக்காட்டுவாள். அவள் பெற்றதில் ஒன்றுக்காவது வயலினை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியுமா? நான் வாயைத் திறக்காமல் வான்கோழியை மெல்லுவேன்.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ என்று நால்வர் சேர்ந்து வாசிக்கிற இசைக்கு நாங்கள் ஆளுக்கு எங்கே போவது? அதற்கென்றே குறுந்தகடு விற்கிறார்கள். மூன்று பேர் வாசித்திருப்பார்கள், இரண்டாவது வயலின் மட்டும் இருக்காது. அந்தக் காலியிடத்தை நாம் நிரப்ப வேண்டும். ஏழு வருஷமாக ஹெட்டி சமையலறைச் சுவரைப் பார்த்துக்கொண்டு அப்படித்தான் வாசித்தாள். சின்ன வயதில் தப்பு வந்தால் நின்றுவிடுவாள். "நிக்காதடி. அது உனக்காக நிக்காது. புடிச்சுக்கிட்டே போ" என்று அதட்டுவேன். நாளடைவில் நிற்பதையே விட்டுவிட்டாள். எனக்கு அதில் தலைகால் புரியாத பெருமை.

இந்த வசந்தத்தில் டென்வர் இளையோர் இசைக்குழு ஒன்றில் ஆள் எடுப்பதாகத் தெரிந்தது. மாதம் இரண்டு சனிக்கிழமை ஒத்திகை. போக நாலரை மணி நேரம், வர நாலரை. எதற்கும் ஆசைப்பட்டுக் கேட்காத பெண், இதில் சேர வேண்டும் என்று அவளாகவே வந்து நின்றாள். விண்ணப்பத்தில் ஏன் சேர விரும்புகிறாய் என்ற கேள்விக்கு, "ஒத்திகையில் இடைவேளை உண்டு என்று கேள்விப்பட்டேன்" என்று எழுதியிருந்தாள். அசடு என்று திட்டி, அதை அழித்துவிட்டு இசை ஆர்வம் என்று எழுத வைத்தேன். அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தனியாக வாசித்தபோது ஒரு குறையும் இல்லை. குழுவை நடத்துகிற திருமதி ப்ரூவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அடுத்து, குழுவில் ஏற்கெனவே இருக்கிற மூன்று பிள்ளைகளோடு உட்கார வைத்தார்கள். ஹெட்டி மனப்பாடமாக அறிந்த இசைதான். கதவில் இருந்த கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாதியில் முதல் வயலின்காரப் பையன் வரியைத் தவறவிட்டான். மற்ற இருவரும் நிறுத்தினார்கள், சிரித்தார்கள். செல்லோக்காரப் பெண் குனிந்து அவனுக்கு இடத்தைக் காட்டினாள். ஹெட்டி நிற்கவில்லை. தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல் வாசித்துக்கொண்டே போனாள். திருமதி ப்ரூவர் கையைத் தூக்கினார். அவள் பார்க்கவில்லை. மூன்று பேரும் வில்லை முழங்காலில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார்கள். இரண்டு பக்கம், கடைசிச் சுரம் வரை, தன்னந்தனியாக. பாவி, ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. அப்புறம்தான் அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தேன்.

கையில் குற்றமே இல்லை, பக்கத்தில் ஆள் இருப்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை என்றார் திருமதி ப்ரூவர். ஒரு வருஷம் யாரோடாவது சேர்ந்து வாசித்துவிட்டு வரட்டும் என்றார். யாரோடு, கன்றுக்குட்டிகளோடா என்று கேட்க வாய்வரை வந்தது. நன்றி சொல்லிவிட்டு நடந்தேன்.

காரில் வீடு திரும்பினோம். மாநில எல்லை தாண்டியதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"அவங்க நிறுத்தினது கேக்கலையா?"

"கேட்டுச்சும்மா."

வயலின் பெட்டியை மடிக்கு இழுத்துக்கொண்டாள். "நிறுத்தலாம்னு தெரியாது" என்றாள்.

மறுநாள் காலை வழக்கம்போல் குறுந்தகட்டைப் போடப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு வாசிக்கத் தொடங்கினாள். வெறும் இரண்டாவது வயலினை நான் தனியாகக் கேட்டது அன்றுதான். அதில் பாட்டே இல்லை. யாருக்கோ ஒத்து ஊதுகிற மாதிரி இரண்டு சுரம், அப்புறம் இடைவெளி, மறுபடி இரண்டு சுரம். ஏழு வருஷம் என் குழந்தை வாசித்தது இதைத்தானா? 

நடுவில் அவளுக்கு நீண்ட மௌனம் ஒன்று உண்டு. வில்லை இறக்கிக் காலால் எண்ண ஆரம்பித்தாள். அந்த நேரத்தில் மற்ற மூவரும் வாசிக்க வேண்டும். ஃப்ரிட்ஜ்தான் உறுமிக்கொண்டிருந்தது.

"நாளைக்கு டவுன் ஸ்கூல்ல உன்னச் சேத்துக்குவாங்களான்னு போய்க் கேக்கறேன்" என்றேன். டோரத்தியா எத்தனை விருந்துக்கு வேண்டுமானாலும் இதைச் சொல்லிச் சிரிக்கட்டும். "ஆனா அங்க வயலின் கெடையாது ஹெட்டி. ஊதறதும் கொட்டறதும்தான்."

"அந்த இரும்பு முக்கோணத்தத் தட்டக் குடுத்தாக்கூடப் போதும்மா" என்றாள். "பக்கத்துல யாராச்சும் இருப்பாங்கல்ல."

  அவள் எண்ணிக்கை எப்போதோ முடிந்திருந்தது, கால் அசையவில்லை. வில்லை முழங்காலில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.