காலையின் முதல் தண்ணீர்

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. ஒன்றில் குழாய்த் தண்ணீர். இன்னொன்றில், தண்ணீர் சுத்தம் செய்யும் இயந்திரம் விற்க வந்தவர் தன் இயந்திரத்திலிருந்து பிடித்துக் கொண்டுவந்த தண்ணீர். அவர் இரண்டிலும் இரும்புக் கம்பிகளை இறக்கி, சுவிட்சைத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் செம்பழுப்பாகக் குழம்பி, சேறு மாதிரி ஆகிவிட்டது. மற்ற டம்ளர் அப்படியே பளிச்சென்று இருந்தது.

"இதைத்தான் சார் உங்க குழந்தை குடிக்குது" என்றார்.

அக்காவின் கணவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நடு ரோட்டில் எவன் வந்து குறுக்கே விழுந்தாலும் அசராத மனிதர், அந்தச் சேற்றைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார். அக்கா மடியில் இருந்த குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எலிக்குஞ்சு மாதிரி பிறந்த பெண் குழந்தை. சுண்டு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

சரியாக அந்த நேரத்தில்தான் சின்னு உள்ளே வந்தாள். அக்காவுக்கு ஒரே தங்கை. நகரக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர். விடுமுறை நாளில் குழந்தையைக் கொஞ்சிவிட்டுப் போகலாம் என்று வந்தவள், மேஜையைப் பார்த்ததுமே விஷயத்தைப் புரிந்துகொண்டாள். நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு சிட்டிகை உப்பை எடுத்து வந்தாள்.

"அண்ணே, உங்க தண்ணியில இதைப் போடட்டுமா?"

அவர் பதில் சொல்வதற்குள் போட்டுவிட்டாள். சுத்தமான டம்ளரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சேறாகியது.

"தண்ணியில கொஞ்சம் உப்பு இருந்தா கரண்ட் பாயும். பாஞ்சா கம்பி அரிக்கும். இது கம்பியோட துரு மாமா, தண்ணியோட அழுக்கு இல்ல. எல்லாக் குழாய்த் தண்ணியிலயும் கொஞ்சம் உப்பு இருக்கத்தான் செய்யும்."

விற்க வந்தவர் கம்பிகளைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு நடையைக் கட்டினார். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் மச்சினி இருக்கிற வீட்டுலயே வந்து காது குத்தப் பார்க்கிறான் பாரு!" என்று படிக்கட்டு வரை கேட்கும்படி சிரித்தார்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ நம்ம தண்ணி நல்ல தண்ணிதானே?"

"நான் கையெழுத்துப் போடற தண்ணி, அக்கா. கண்ணை மூடிட்டுக் குடி."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கட்டடத்திலேயே நாலைந்து வீடுகளில் அந்த இயந்திரத்தை வாங்கியிருந்தார்கள் என்று அக்கா சொன்னதும் சின்னுவுக்குச் சுருக்கென்றது. பையிலிருந்து, சோதனைக்குத் தண்ணீர் பிடிக்கும் புட்டி ஒன்றை எடுத்து நீட்டினாள். "நாளைக்குக் காலையில இதுல பிடிச்சு மாமாகிட்ட குடுத்து விடு. எல்லாச் சோதனையும் போட்டு ரிசல்ட்டைக் கீழ் வாசல்லயே ஒட்டறேன்."

குழாயைக் கொஞ்ச நேரம் திறந்து விட்டுவிட்டு அப்புறம் பிடிக்க வேண்டும் என்பதுதான் கூடத்தின் நடைமுறை. அதைச் சொல்ல மறந்துபோனாள். அக்காவோ விடிந்ததும் குழந்தையின் அழுகைக்கு எழுந்து, குழாயைத் திறந்த கையோடு முதல் தண்ணீரைப் புட்டியில் பிடித்து மூடிவிட்டாள்.

இரண்டு நாள் கழித்துக் கணினித் திரையில் வரிசையாக எண்கள் வந்தன. குளோரின் சரி. நைட்ரேட் வரம்பில் கால்வாசிகூட இல்லை. ஆர்செனிக் இல்லவே இல்லை. சின்னு காபியை உறிஞ்சிக்கொண்டே கீழே நகர்த்தினாள். காரீயம்: முப்பத்து நாலு.

லிட்டருக்குப் பத்து மைக்ரோகிராம்தான் வரம்பு.

முதலில் புட்டி மேல் சந்தேகப்பட்டாள். அப்புறம் கருவி மேல். அப்புறம் தன் மேலேயே. மறுநாள் விடியற்காலையில் அக்கா வீட்டுக்கே போய், யாரும் குழாயைத் தொடுவதற்கு முன்னால் ஒரு புட்டி பிடித்தாள். ஐந்து நிமிடம் தண்ணீரை ஓடவிட்டு இன்னொன்று பிடித்தாள். என்ன ஏது என்று அக்கா கேட்டதற்கு, "சும்மா, சரிபார்க்கத்தான்" என்று மழுப்பிவிட்டு ஓடினாள். முதல் புட்டியில் முப்பத்தேழு. இரண்டாவதில் நாலு.

அந்த நாலைத்தான் நகரம் வருஷக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்தது. சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து கிளம்பும் தண்ணீரில் காரீயமே கிடையாது. வழியில் எங்கோ ஒரு பழைய காரீயக் குழாய், ராத்திரி முழுக்கத் தன்னுள் தேங்கி நிற்கும் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டிருந்தது. குழாயைத் திறந்து ஓடவிட்டால் அது போய்விடும். அதற்கப்புறம் பிடித்துப் பார்த்துவிட்டு, வரம்புக்குள் இருக்கிறது என்று சின்னுவே எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டிருந்தாள்.

அன்று மத்தியானமே அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சுண்டு பாயில் கவிழ்ந்து படுத்து, தன் கையையே தின்றுகொண்டிருந்தது.

"அக்கா, சுண்டுக்கு எந்தத் தண்ணியில பால் கரைக்கிற?"

தாய்ப்பால் போதாமல் இரண்டாவது மாதத்திலிருந்தே பவுடர் பால்தான்.

"குழாய்த் தண்ணியிலதான். நல்லாக் கொதிக்க வச்சுத்தான்டி."

"எப்பப் பிடிப்ப?"

"காலையில எழுந்ததும் முதல் வேலையா. அன்னைக்கு வேண்டியதை மொத்தமாப் பிடிச்சுக் காய்ச்சி பிளாஸ்க்குல ஊத்தி வச்சுடுவேன். ஏன்டி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

சின்னு சொன்னாள். கிருமி என்றால் கொதிக்க வைத்தால் செத்துவிடும், காரீயம் ஒரு உலோகம், கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் வற்றும், அது அப்படியே இருக்கும் என்று சொன்னாள். சின்னக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத்தான் அது முதலில் தொடும் என்பதைச் சொல்லாமல் விட்டாள். ஆனால் அக்கா கேட்டாள், சொல்ல வேண்டியதாயிற்று.

அக்கா கையிலிருந்த குட்டிச் சட்டையைப் பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கண்ணை மூடிட்டுக் குடின்னு நீதானே சொன்ன?"

"ஆமாக்கா."

"நீ சொன்னேன்னுதான் அந்த ஆளை அனுப்பினோம்."

அதுதான் சின்னுவை அதிகம் குடைந்தது. அந்த மனிதர் காட்டியது கண்கட்டு வித்தைதான். ஆனால் அவர் விற்ற இயந்திரம் காரீயத்தைப் பிடித்து நிறுத்தும் ரகம். கீழ் வீடுகளில் அதை வாங்கியவர்கள், தப்பான காரணத்துக்காக நல்ல காரியம் செய்திருந்தார்கள்.

மறுநாள் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை. ஊசி குத்தியபோது சுண்டு போட்ட கூச்சலில் மாமா வராந்தாவுக்கு ஓடிவிட்டார். முடிவைப் பார்த்துவிட்டு டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சம் இருக்கு. இருக்கவே கூடாதுதான். ஆனா சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டீங்க. தண்ணியை மாத்துங்க, இரும்புச் சத்துக்கு மருந்து தரேன். உள்ள வர்றது நின்னா, இருக்கிறது தானா இறங்கும். மூணு மாசம் கழிச்சுத் திரும்பப் பார்ப்போம்."

வீடு திரும்ப ஆட்டோ பிடித்தபோது, தங்கைக்கு இடம் விடாமல் அக்கா கிளம்பிவிட்டாள்.

சின்னு அந்தக் கனத்தோடேயே கூடத்தின் தலைவர் முன்னால் போய் நின்றாள். எல்லோரும் மேடம் என்று கூப்பிடும் அவர், எண்களை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்க்கிறவர். முப்பத்தேழையும் நாலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நம்ம முறைப்படி எடுத்தா வரம்புக்குள்ளதான் இருக்கு."

"மேடம், யாரும் அஞ்சு நிமிஷம் திறந்து விட்டுட்டுக் குடிக்கிறதில்ல. எங்க அக்கா முதல் தண்ணியிலதான் பாலே கரைச்சிருக்கா."

மேடம் பேனாவை மூடினார். "ஒரு வீடுன்னா அந்த வீட்டுக் குழாயில கோளாறுன்னு சொல்லிடுவாங்க. இன்ஜினியருங்க அப்படித்தான் சொல்வாங்க, நானா இருந்தாலும் சொல்வேன். தெரு முழுக்க முதல் தண்ணி கொண்டு வா. நான் அவங்களோட பேசறேன்."

தெரு முழுக்க என்றால் நாற்பது வீடு. விடியற்காலையில் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? சின்னு யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. அக்கா.

"மேடம் என்ன சொன்னாங்க?"

சொன்னாள்.

"எத்தனை பாட்டில் வேணும்?"

"அக்கா, என் மேல கோபம்..."

"அது இருக்கு, எங்கயும் போகல. இப்ப பாட்டிலைக் குடு. எல்லார் வீட்டுலயும் குழந்தைங்க இருக்கு."

அக்காவுக்குத் தெருவில் தெரியாத பெண் கிடையாது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். படுக்கப் போன பிறகு எந்தக் குழாயையும் திறக்கக் கூடாது, காலையில் சமையலறைக் குழாயின் முதல் தண்ணீர்தான் வேண்டும் என்று ஒவ்வொருவருக்கும் பாடம் நடத்தினாள். சொல்வது சுலபம். ஒரு வீட்டில் கணவர் அரைத் தூக்கத்தில் எழுந்து முகம் கழுவிவிட்டார். இன்னொரு வீட்டில் புட்டியைப் பார்த்த மாமியார் அதில் எண்ணெய் ஊற்றி வைத்துவிட்டார். மூன்றாவது மாடி டீச்சர், யாரும் திறக்காதபடி குழாய்க்கு நாடாவால் முடிச்சுப் போட்டு வைத்தார். காலையில் அவராலேயே அவிழ்க்க முடியாமல் கத்தரிக்கோல் தேட வேண்டியிருந்தது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர்தான் முரண்டு பிடித்தார். "தெருவுக்குக் கெட்ட பேர் வாங்கிக் குடுக்காம விடமாட்டீங்களாம்மா?" என்றவர், அடுத்த நாளே என்ன நினைத்தாரோ, சிரித்த முகத்தோடு புட்டியை நிரப்பிக் கொடுத்தார்.

சோதனையில் அவர் வீட்டுத் தண்ணீரில் காரீயம் மட்டுமல்ல, குளோரினும் இல்லை, உப்பும் இல்லை. சின்னு அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அக்கா நேரே போய்ச் செயலாளர் வீட்டு மணியை அடித்தாள்.

"அண்ணே, உங்க வீட்டுக் குழாயில மட்டும் கடையில விக்கிற பாட்டில் தண்ணி வருதாம். எங்களுக்கும் ஒரு கனெக்‌ஷன் குடுங்களேன்."

உள்ளேயிருந்து அவர் மனைவி வாய்விட்டுச் சிரிக்கும் சத்தம் கேட்டது. மறுநாள் உண்மையான தண்ணீர் வந்தது. அறுபத்தொன்று. தெருவிலேயே அதிகம் அதுதான். செயலாளர் அந்த எண்ணைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். அன்று சாயங்காலத்திலிருந்து அக்காவோடு புட்டிப் பை தூக்கிக்கொண்டு நடந்தவர் அவர்தான்.

எல்லாம் சேர்ந்தபோது படம் தெளிவாகிவிட்டது. தெருவின் பழைய பக்கத்தில் ஒரு வீடுகூட வரம்புக்குள் இல்லை. எதிரே சமீபத்தில் கட்டிய பக்கத்தில் ஒரு வீடுகூட வரம்பைத் தாண்டவில்லை. மேடம் தாளை மேஜையில் வைத்தார்.

"நாம இத்தனை நாளா, தெருக் குழாயில ஓடற தண்ணி நல்லதான்னு பார்த்திருக்கோம். ஜனங்க டம்ளர்ல விழறது நல்லதான்னு பார்க்கவே இல்ல" என்றவர் எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டார். "வா, இன்ஜினியர் இருக்கும்போதே போயிடலாம்."

அடுத்த வாரம் தெருவில் பள்ளம் தோண்டினார்கள். தெருவின் பெரிய குழாயிலிருந்து வீடுகளுக்குப் பிரியும் சின்னக் குழாய்கள் சாம்பல் நிறத்தில் மண்ணோடு மண்ணாகக் கிடந்தன. வேலையாள் ஒருவர் கத்தியால் சுரண்டிக் காட்டினார். உள்ளே வெள்ளி மாதிரி மின்னியது. கையாலேயே வளைந்தது. காரீயம்தான். வேலை முடியும்வரை தினமும் தண்ணீர் லாரி வந்தது. தன் வீட்டுக்கே தண்ணீர் கொண்டுவரும் லாரிக்குப் பின்னால் பேருந்தை நிறுத்தி ஹாரன் அடிக்க நேர்ந்த ஒரே டிரைவர் தான்தான் என்று மாமா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

புதுக் குழாய் போட்டும் உடனே எண் இறங்கவில்லை. முதல் வாரம் இருபத்திரண்டு காட்டியது. தோண்டும்போது பழைய படிவு கலைந்து வந்திருக்கும், குழாய்களை நன்றாக ஓடவிட்டுக் கழுவ வேண்டும் என்று மேடம் சொன்னார். தெருவே முறை வைத்துக் கழுவியது. அடுத்த மாதம் எட்டு. அதற்கடுத்த மாதம், கருவியால் கண்டுபிடிக்க முடியாத அளவு. சின்னு அந்தத் தாளைக் கீழ் வாசலில் ஒட்டியபோது செயலாளர் நாலு மூலையிலும் டேப் போட்டார். காற்றில் பறக்கும் என்று சொல்லி இன்னும் நாலு போட்டார்.

நகரத்தின் தண்ணீர் அறிக்கையில் இப்போது இரண்டு எண்கள் வருகின்றன: ஓடவிட்ட பின் எடுத்தது, காலையில் முதலில் எடுத்தது. இரண்டாவது எண் சில தெருக்களில் மோசமாகத்தான் இருக்கிறது. இப்படி வெளியிட்டால் ஜனங்கள் பயப்பட மாட்டார்களா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டதற்கு, "தெரிஞ்சாத்தானே சார் தோண்ட முடியும்?" என்றார் மேடம். அந்தத் தெருக்களுக்கு வரிசைப்படி பள்ளம் தோண்டும் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

மூன்று மாதம் கழித்து டாக்டர் சுண்டுவின் முடிவைப் பார்த்தார். பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. "இன்னும் இறங்கும்" என்றார். "பொண்ணு பிரமாதமா இருக்கா. என் பேனாவை மட்டும் வாங்கிக் குடுத்துடுங்க."

வெளியே வந்ததும் அக்கா ஆட்டோவுக்குக் கை காட்டினாள். சின்னு வழக்கம்போல ஒதுங்கி நின்றாள். அக்கா ஏறி உட்கார்ந்து, நகர்ந்து இடம் விட்டாள்.

"ஏறுடி. வீட்டுல சாப்பிட்டுட்டுப் போ."

ஆட்டோ பாதி தூரம் போவதற்குள் அக்காவின் போன் அடித்தது. யாரோ அறிமுகமில்லாத பெண், ரயில் நிலையத்துக்குப் பின்னாலிருக்கும் பழைய குடியிருப்பிலிருந்து. அக்கா சுண்டுவைத் தங்கை மடியில் போட்டுவிட்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டு, ரோட்டுச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினாள்.

"ஆமாம்மா, நான்தான். பாட்டில் நான் கொண்டு வரேன், கவலைப்படாதீங்க. முதல்ல, உங்க வீட்டுல காலையில யார் சீக்கிரம் எழுந்திரிப்பாங்க, அதைச் சொல்லுங்க."