ஸ்டென்ஸ்ருட் வீட்டுப் பாத்திரம்

ஊர்ப் பூங்காவின் ஓடைமேல் கிடந்த நடைபாலத்தில் ஒரு பலகை உளுத்துவிட்டது என்று ஆர்வில் ஸ்டென்ஸ்ருடுக்குப் பனி உருகும்போதே தெரியும். பாலம் அவர் அப்பா கட்டியது. பூங்காவும் அப்பா ஊருக்காகக் கொடுத்த நிலம். அதை நடத்தும் சங்கத்துக்கு இப்போது ஆர்வில் தலைவர். அப்பாவின் கைவேலைமேல் ‘அபாயம்’ என்று எழுதி மாட்ட அவருக்கு மனம் ஒப்பவில்லை. சத்தமில்லாமல் மாற்றிவிடலாம் என்று தள்ளிப்போட்டார். ஜூன் மாதம் அந்தப் பலகை ஊர்க்காரி ஆர்லிஸ் பாக்கனின் காலடியில் ஒடிந்தது; விழுந்தவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது.

யாராவது படுத்துவிட்டால் அந்த ஊரில் அண்டை அயலார் ஹாட்டிஷ் என்ற இறைச்சி, உருளைக்கிழங்குப் பண்டத்தைப் பாத்திரத்தோடு அடுப்பில் சுட்டுக் கொண்டுபோவார்கள். ஆர்விலும் சுட்டார். சங்கத்து வக்கீல் தடுத்துவிட்டார். உணவோடு போய் நின்றால் தப்பை ஒத்துக்கொண்டதாகிவிடுமாம். நகராட்சிப் பூங்காக்கள் மேல் வழக்குப் போட முடியாதபடி உள்ள சட்டப் பாதுகாப்பை இந்தப் பூங்காவுக்கும் கொடுக்க நகர மன்றம் யோசிக்கிறது. இப்போது வழக்கு வந்தால் மன்றம் பின்வாங்கிவிடும் என்றார். சுட்டதை ஆர்வில் தனியாகத் தின்று தீர்த்தார்.

மன்றக் கூட்டத்துக்கு ஆர்லிஸ் வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆர்வில் தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாதுகாப்பைக் குடுத்துடுங்க,” என்றாள் மைக்கில். “கேஸுக்குப் பயந்து பூங்காவை மூடிட்டா என் பேரப்பிள்ளைங்க ரோட்டுலதான் விளையாடணும். நான் யார் மேலயும் கேஸ் போடல.”

மன்ற உறுப்பினர்களின் கைகள் எல்லாம் உயர்ந்தன. ஸ்டென்ஸ்ருட் குடும்பத்தின் பெருந்தன்மையைச் சொல்லிச் சிலர் ஆர்விலின் கையைக் குலுக்கினார்கள்.

வாசலில் ஆர்லிஸ் நின்றாள். “என் வீட்டுக்குச் சாப்பாட்டோட ஊரே வந்துச்சு ஆர்வில். என் நாயைக் கண்டாலே ஆகாத பாதிரியார்கூட வந்தாரு.”

“வக்கீல் வேணாம்னு சொன்னார்.”

“அப்படியா. உங்களுக்குச் சமைக்கத் தெரியாதுன்னுல்ல நெனச்சேன்.”

மறுநாள் காலை அவர் சூடாகச் சுட்டுக் கொண்டுபோனார். அவள் வீட்டு முன்தாழ்வாரத்தில் ஊராரின் பாத்திரங்கள், அவரவர் எடுத்துப்போகக் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியிலும் ஒட்டுத்தாளில் குடும்பப் பெயர். யார் யார் வந்தார்கள் என்று தெருவில் போகிறவர்களுக்கும் தெரியும்.

கதவைத் திறந்தவளிடம் அவர் பாத்திரத்தை நீட்டவில்லை. “அந்தப் பலகை உளுத்தது எனக்கு முன்னாடியே தெரியும், ஆர்லிஸ். அப்பா பேருக்காகச் சொல்லாம விட்டேன்.”

அவள் தாழ்வாரத்துப் பாத்திரங்களைக் காட்டினாள். “அங்க வெச்சுட்டுப் போங்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள்.

கழுவிய பாத்திரங்களுக்கு நடுவே அதை வைத்தார். அடியில் ஒட்டியிருந்த ஸ்டென்ஸ்ருட் என்ற பெயர் தரையைப் பார்த்திருந்தது. அவர் நிமிராமலே படியிறங்கினார்.