தம்பிஐயாவின் வேலிக்குள்ளால் ஒரு பஸ்

பஸ் திட்டத்துக்குக் கீறிய படத்தில் அந்தப் பாதை நீல நிறத்தில் இருந்தது. நெடுந்தீவு இறங்குதுறையில் தொடங்கி, தம்பிஐயாவின் காணிக்குள் புகுந்து, றோஸின் வீட்டு வாசலை ஒட்டிக்கொண்டு போனது. அரசாங்கம் றோட்டுப் போடும், கொழும்புக் கொம்பனி பஸ் விடும், கடைக்கும் குடியிருப்புக்கும் எந்தக் காணி என்று இரண்டு பேரும் சேர்ந்து குறிப்பார்கள் என்று திட்டம். அதெல்லாம் றோஸின் காதில் விழவே இல்லை. அவளுக்கு அந்த நீலக்கோடு போதும்.

அன்றிலிருந்து அவள் கண் திறந்தபடியே கனவு கண்டாள். மீன் அரியும்போது பஸ் வந்தது. கிணற்றில் வாளி இறக்கும்போது வந்தது. வெயில் நடுங்கும் வெளியில், கல்வேலிகளுக்கு நடுவே, வள்ளம் போல ஆடி ஆடி வந்து வாசலில் நின்றது. அவளுடைய புருசன் அம்புறோஸ் கம்பியைப் பிடித்து ஏறினான். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துபோன மனுசன், கனவில் மட்டும் ஒருவரும் தூக்காமல் ஏறினான்.

நிசத்தில் அவனை இரண்டு கிழமைக்கொருமுறை யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வீட்டுக்கும் இறங்குதுறைக்கும் நடுவில் உள்ள மணலுக்குள் ஓட்டோ இறங்காது. படகடிக்குத் தள்ளுவண்டியில் வைத்து அவள்தான் தள்ளுவாள். முழங்கால் இனி ஏலாது என்று சொல்லிவிட்டது. பஸ் வராவிட்டால் தீவை விட்டு, நாரந்தனையில் தங்கச்சி வீட்டோடு போயிருப்பதுதான் வழி. அந்தக் கதையை எடுத்தால், கடலைப் பார்த்தே வாழ்ந்த அம்புறோஸ் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான்.

ஒரேயொரு சிக்கல். அது பாதையே இல்லை.

கோடையில் குளங்கள் வற்றினால், தம்பிஐயா தன் கல்வேலியில் இரண்டு இடத்தில் கற்களை இறக்கி, ஊர் மாடுகள் தன் துரவுக் கிணற்றில் தண்ணீர் குடிக்க வழி விடுவார். முதல் மழை விழுந்ததும் அடைத்துவிடுவார். காணி என்றால் ஒரு சாண் விட்டுக்கொடுக்காத மனுசன். இது ஒன்றை மட்டும் தகப்பன் காலத்திலிருந்து தவறாமல் செய்கிறார். கொம்பனிக்காரர் ட்ரோன் பறக்கவிட்டது சரியாக அந்த மாதத்தில். மாடு நடந்த தடத்தைப் பொதுப்பாதை என்று கீறிவிட்டார்கள். வானத்தில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும், பாவங்கள்.

கூட்டத்தில் திட்ட அதிகாரி கிருசாந்தி படத்தைச் சுவரில் மாட்டினாள்.

"இது எல்லாரும் பாவிக்கிற பாதைதானே? ஒரு ஆள் ஓம் எண்டு சொன்னாக் காணும், பதிஞ்சிடுவன்."

ஊர் வாயைத் திறக்கவில்லை. எல்லாருக்கும் பஸ் வேண்டுமே! முன்வரிசையில் தம்பிஐயாவும் பேசவில்லை. தன் தண்ணீரைக் குடித்த ஊர் வாய்மூடி இருக்க, தானே எழும்பிக் கெஞ்ச அவருக்கு ரோசம்.

றோஸ் எழும்பினாள். பஸ் வாசலில் நின்றது. அம்புறோஸ் கம்பியில் கை வைத்திருந்தான்.

"இல்லைப் பிள்ளை. உது பாதையில்லை. எங்கட மாடு தண்ணி குடிக்கத் தம்பிஐயா அண்ணை திறந்துவிட்டவர். மழை பெய்தா அடைச்சிடுவார்."

கிருசாந்தி நீலக்கோட்டைக் குறுக்கே வெட்டினாள். பஸ் வெயிலில் கரைந்து போனது. வீடு வரும் வழியெல்லாம் றோஸ் அழுதாள், தன்னைத்தானே விசரி என்று திட்டினாள்.

ஐப்பசியில் மழை விழுந்தது. வேலி அடைக்கும் நாளில் மாடு வைத்திருப்பவர்கள் போய்க் கல் எடுத்துக் கொடுப்பது வழக்கம். நாரந்தனைக்குப் போக உடுப்புகளைப் பெட்டியில் அடுக்கியது பாதி, அடுக்காதது பாதியாக விட்டுவிட்டு றோஸும் போனாள். இதுதான் கடைசி முறை என்று நினைத்துக்கொண்டாள்.

தம்பிஐயா இரண்டு இடைவெளியையும் அடைக்கவில்லை. தன் காணியை நடுவால் பிரித்து, வழியின் இரண்டு பக்கமும் நீளத்துக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணை இது?"

"நேற்று அந்தக் கிருசாந்திப் பிள்ளையிட்டப் போய் இந்த வழியை எழுதிக் குடுத்திட்டன்," என்றார் நிமிராமல். "கேக்காமல் கீறினா ஒரு சாணும் விடமாட்டன். நானாத் தாறது வேற. நீர் நடுவில நிண்டு பாரும், பஸ்ஸுக்கு அகலம் காணுமோ?"

றோஸ் மழைக்குள் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றாள். எத்தனை தரம் வந்து போன பஸ்! அதன் அகலம் அவளுக்குத் தெரியாதா?

"இன்னும் ரெண்டு கல்லுத் தள்ளி வையுங்கோ, அண்ணை," என்றாள்.