சுவருக்கு அடியில் இருந்தது

பஸ் டிரைவரின் வீட்டுக்குப் பின்னால் மேல்வீட்டு மனை ஆளுயரம் மேடாக இருந்தது. அந்த மண்ணை மறித்து நின்ற பழைய செங்கல் மதில் இரண்டு வருடமாக அவர் பக்கம் சாய்ந்துகொண்டே வந்தது. மதிலுக்கும் மகள் படுக்கும் அறைக்கும் நடுவே எட்டடிதான்.

"இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது" என்றாள் மனைவி. கடைசியில், மதிலிலிருந்து ஒரு சாண் விட்டு, கான்கிரீட்டில் தடுப்புச் சுவர் எழுப்புவதென்று முடிவாயிற்று.

கட்ட வந்த மேஸ்திரிக்கு ரசமட்டம் என்று பட்டப்பெயர். கண்ணால் பார்த்தே கோணலைச் சொல்லிவிடுவார். பேச்சும் நேர்தான்.

"மொத்தமா தோண்டினா மதில் நம்ம தலையிலதான் இறங்கும். நாலு நாலு அடியா தோண்டி, அடித்தளம் போட்டுக்கிட்டே போவோம்."

இரண்டு குழிகள் சிக்கலில்லாமல் முடிந்தன. மூன்றாவதில் மதில் பக்கமாக மேஸ்திரி குத்திய கடப்பாரை, கை பிடித்த இடம்வரை உள்ளே போய்விட்டது. அவர் மண்டியிட்டுக் கையால் மண்ணைத் தள்ளினார். டிரைவர் மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன மேஸ்திரி?"

"நீங்களே இறங்கி வந்து பாருங்க."

டிரைவர் இறங்கி டார்ச் அடித்தார். மதிலுக்கு அடியில் அஸ்திவாரமே இல்லை. மழைத்தண்ணீர் அரித்து அரித்து எல்லாம் போயிருந்தது. எட்டடி நீளத்துக்குச் செங்கல் அந்தரத்தில் நின்றது. தாங்கியிருந்தவை மேல்வீட்டு அத்திமரத்தின் வேர்கள். தொடைப் பருமனில் இரண்டு வேர்கள் குறுக்கே ஓடின. அவற்றிலிருந்து பிரிந்தவை செங்கல் இடுக்கெல்லாம் புகுந்து இறுகப் பற்றியிருந்தன. பின்னாலிருந்த மண் முழுவதையும் மயிரிழை வேர்கள் வலையாகப் பின்னிச் சரியவிடாமல் நிறுத்தியிருந்தன.

டிரைவர் திரும்பி மகளின் அறையைப் பார்த்தார். இந்த வேர்களின் தயவில்தான் இத்தனை வருடம் மகள் தூங்கியிருக்கிறாள்.

"நாப்பது வருஷமா கட்டுறேன்" என்றார் மேஸ்திரி மெல்ல. "இவ்வளவு சுத்தமான கம்பி வேலைய நான் பார்த்ததில்ல."

அந்த நேரம் பார்த்து மேலே மரம் அறுக்கும் மிஷின் உறுமியது.

இலை கொட்டுகிறது, மரத்தை வெட்டு என்று மூன்று வருடமாகச் சண்டை போட்டவர் டிரைவர்தான். அதில் இரு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோயிருந்தது. நச்சரிப்பு பொறுக்காமல் மேல்வீட்டுக்காரர் ஆள் வைத்த நாள் இன்று.

செருப்புக்கூடப் போடாமல் தெருவைச் சுற்றிக்கொண்டு ஓடினார். ஒரு கிளை விழுந்து கிடந்தது.

"நிறுத்துங்க! அண்ணே, நிறுத்தச் சொல்லுங்க!"

மேல்வீட்டுக்காரர் இடுப்பில் கைவைத்தார். "என்னய்யா விளையாடுறியா? வெட்டு வெட்டுன்னு என் உயிரை எடுத்தது யாரு?"

"நான்தாண்ணே. புத்தி கெட்டுப்போய்ச் சொன்னேன். ஒரே ஒரு தடவை கீழ வந்து பாருங்க."

வேண்டாவெறுப்பாக வந்தவர் குழிக்குள் இறங்கிக் குனிந்தார். ஒரு வேரின்மேல் உள்ளங்கையை வைத்து, "இதுக்கு நான் ஒரு சொம்புத் தண்ணிகூட ஊத்தினதில்லையே" என்றார்.

மேஸ்திரி டிரைவரிடம் திரும்பினார். "வேரை வெட்டாம அந்த இடத்துல மட்டும் நம்ம சுவர் ஓரடி விலகிப் போகட்டும். உங்களுக்கு இடம் குறையும்."

"குறையட்டும்" என்றார் டிரைவர்.

வேர்களுக்கு ஈரச்சாக்கு சுற்றி, பொந்தைக் கல்லும் மணலும் போட்டு நிரப்பினார்கள். மிச்சக் குழிகளையும் தோண்டி அடித்தளத்தை முடித்தார்கள். பிறகு கம்பி கட்டி, பலகை அடைத்து, ஒரே பகலில் சுவர் முழுவதற்கும் கான்கிரீட் ஊற்றினார்கள். தினமும் காலையில் மேல்வீட்டுக்காரர் மதிலுக்கு மேலிருந்து ஹோஸ் பிடித்து அதை நனைத்தார். பலகையைப் பிரித்தபோது, வேர் வந்த இடத்தில் வளைந்து ஒதுங்கி, மற்ற இடமெல்லாம் நூல் பிடித்ததுபோல் நின்றது சுவர்.

அடுத்த வாரம் காலையில் பெருமழை கொட்டியது. மண்ணிலிருந்து தண்ணீர் வடியச் சுவரில் பதித்திருந்த குழாய்களிலிருந்து தண்ணீர் வந்தது. மண்ணை அரித்துக்கொண்டு வரும் சேறில்லை. கண்ணாடிபோல் தெளிந்த தண்ணீர். டிரைவர் யூனிஃபார்மோடு நனைந்துகொண்டே அதைக் கையில் ஏந்திப் பார்த்தார். "பஸ் எடுக்க நேரமாச்சுங்க!" என்று மனைவி கத்தினாள். அவர் அடுத்த குழாய்க்கு நகர்ந்தார்.