முதலாளி சட்டையில் முளைத்த மிச்சம்

அந்தத் தொழிற்சாலையில் எந்த நாளும் முப்பதாயிரத்து முப்பத்தோரு பொத்தான்தான் பிறந்தது. இயந்திரம் பாதி நாள் நின்றாலும் அவ்வளவுதான், ராப்பகலாக ஓடினாலும் அவ்வளவுதான். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பொத்தான்களைப் பெட்டியில் அடைக்கிறவளுக்குத்தான் தலைவலி. பெட்டிக்கு இரண்டாகப் போட்டாலும் மூன்றாகப் போட்டாலும், ஐந்து, ஏழு, பத்து, பதின்மூன்று என்று எப்படிப் பிரித்தாலும், கடைசியில் ஒன்று மிஞ்சியது. மிஞ்சியது சும்மா கிடந்தால் பரவாயில்லை. மறுநாள் காலை அது முதலாளியின் சட்டையில், துளையே இல்லாத இடமாகப் பார்த்து, கறுப்பு நூலால் தைக்கப்பட்டிருக்கும். ஒருநாள் சாக்கடையில் வீசிப் பார்த்தாள். கழுவித் துடைத்தது போல் அவர் காலரில் வந்து உட்கார்ந்திருந்தது.

மெக்கானிக் அவளுடைய கொழுந்தன். “விடுங்க அண்ணி, ஒண்ணே ஒண்ணு கண்ணே கண்ணுன்னு அவரு வளர்த்துட்டுப் போறாரு” என்றான்.

முதலாளிக்குச் சிரிப்பு வரவில்லை. முதுகில் பொத்தான் முளைத்தபின் அவரால் நாற்காலியில் சாய முடியவில்லை. “நாளைக்கு இன்னொண்ணு முளைச்சுதுன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்மா.”

அவள் வேலையை நம்பித்தான் வீட்டில் உலை கொதித்தது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கிடங்கிலிருந்து ஒரு பழைய தட்டை எடுத்து வந்தாள். அறுபது குழி. பொத்தானைக் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாக உட்காரும். அப்படியே பெட்டியில் கவிழ்க்கலாம். அன்று ஒன்றும் மிஞ்சவில்லை. மேசைக்கு அடியில்கூடத் தேடினாள். மறுநாள் முதலாளி சட்டையைக் கழற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புதிதாக ஒன்றுமில்லை.

சில மாதங்களில் தையல்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். அறுபது என்று எழுதிய பெட்டியில் ஐம்பத்தொன்பதுதான் இருந்தது. தட்டின் மூலைக் குழியில் என்றோ சிந்திய பசை இறுகிக் கிடந்ததை அவள் பதற்றத்தில் கவனிக்கவில்லை. “கண்ணு எங்கம்மா இருந்துச்சு?” என்று முதலாளி கத்தினார். கொழுந்தன் திருப்புளியால் பசையைச் சுரண்டி எடுத்தான். “பாருங்க அண்ணி, புதுசு மாதிரி ஆயிடுச்சு!”

அன்று முப்பத்தொன்று மிஞ்சியது.

காலையில் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். முதலாளி படியேறும் சத்தம், சோழிப் பை நடந்து வருவது போல் கேட்டது. அக்குள்வரை பொத்தான். அவர் யாரையும் திட்டவில்லை. மெழுகுவத்தியைக் கொளுத்தி, மூலைக் குழியைத் தன் கையாலேயே அடைத்தார்.

“போய் வேலையைப் பாரும்மா.”

பெட்டிகளில் ஐம்பத்தொன்பது என்று அச்சாயிற்று. தையல்காரர்களும் பழகிக்கொண்டார்கள். அறுபது பொத்தான் கேட்டு வருகிறவனைத்தான் இப்போது கடைத்தெருவில் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள்.